மூன்றாம் வரிசையில் அழுகிறவள்

பூட்டுக்காரரின் மனைவி ஞாயிறு தவறாமல் சபையில் அழுதுகொண்டிருந்தாள். அதே நேரத்தில் வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில், முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிக்கொண்டு, மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டும் இருந்தாள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பது பரிசுத்தவான்களுக்கே லேசில் வாய்க்காத காரியம். அவளுக்கு வாய்த்தது. அதனால் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

சபைக்குத் திரை வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். பாட்டுப் புத்தகத்தை மறந்துவிட்டு வருகிறவர்களுக்காக வெள்ளைச் சுவரில் பாட்டு வரிகளைக் காட்டலாமே என்று யாரோ ஒரு நல்ல மனுஷன் சொன்னான். ஆரம்பம் அவ்வளவுதான். சுவர் திரையானது. ஓரத்தில் உட்காருபவர்களுக்குத் தெரியவில்லை என்று ஒரு திரை இரண்டானது. இரண்டில் எதைப் பார்ப்பது என்று ஜனங்கள் குழம்பியதால், எல்லாருக்கும் பொதுவாக நடுவில் ஒரு பெரிய திரை வந்தது. நடுத்திரை, சுவரில் இருந்த மரச்சிலுவையை மறைத்தது. அதனாலென்ன, திரையிலேயே சிலுவையின் படத்தைப் போட்டார்கள். பின்னால் மேகம் நகர, பழையதைவிடப் பளிச்சென்றுதான் இருந்தது. மின்சாரம் போனால் மட்டும் சிலுவையும் போய்விடும். அப்புறம், பிரசங்க பீடத்தின் நிழல் போதகரின் சட்டையில் விழுகிறது என்று, பீடத்தைத் தூக்கி சைக்கிள் கொட்டகையில் போட்டார்கள்.

இத்தனைக்கும் பொறுப்பு, காட்சி ஊழியத் தலைவர். அவர் கையில் எந்நேரமும் ரிமோட் இருக்கும். கல்யாண வீட்டில் சாப்பிடும்போதும் இடது கையில் இருக்கும். சபையே அவரை ரிமோட் என்று கூப்பிட்டது. அவரும் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டார். மண்டபத்தின் பின்பக்கம் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, போதகரின் காதில் செருகிய சின்னக் கருவி வழியாக ரகசியமாகப் பேசுவார். "ஐயா, இடது பக்கம் திரும்புங்க." "ஐயா, இப்ப குரல் தழுதழுக்கலாம்." "ஐயா, மேல பாருங்க. அவ்வளவு மேல வேணாம், அங்க விளக்கு இருக்கு." போதகர் அப்படியே செய்வார். நாளாக நாளாக, மனதில் வருவது எது, காதில் வருவது எது என்று பிரித்துப் பார்ப்பதை அவர் விட்டுவிட்டார். ஒரு ஞாயிறு நரகத்தைப்பற்றி உருகிப் பேசிக்கொண்டிருந்தவர், அதே உருக்கத்தோடு, "மேல் பொத்தான் திறந்திருக்கிறது," என்றார். சபை ஒரே குரலில் "ஆமென்" என்றது. முன்வரிசை மூப்பர் ஒருவர் மெதுவாகத் தன் சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பிரசங்கத்துக்கு ஏற்ற காட்சி வேண்டும் என்பது ரிமோட்டின் கொள்கை. பெருவெள்ளம் என்றால் மேலே குழாயிலிருந்து தூறல் விழும். முன்வரிசை குடையோடு வரும். வெட்டுக்கிளி என்றால் விசிறியில் காகிதத் துண்டுகளைப் பறக்கவிடுவார்கள். ஒரு துண்டு பாடகர் குழுத் தலைவியின் தொண்டைக்குள் போய்விட, அவர் அன்று பாடியதுதான் அந்த வருஷத்தின் மிக உருக்கமான பாட்டு என்று பெயரெடுத்தது. எரியும் முட்செடிக்குப் புகை இயந்திரம் கொண்டுவந்தார்கள். புகை மேலே எழும்பவில்லை. தரையோடு தவழ்ந்து, நேரே மூன்றாம் வரிசைக்கு வந்தது.

மூன்றாம் வரிசையில்தான் பூட்டுக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். கண் எரிந்து, மூக்கு ஒழுகி, பொலபொலவென்று கண்ணீர் கொட்ட, கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு, கொஞ்சம் நல்ல காற்றுக்காக முகத்தை மேலே தூக்கினாள். கேமரா அந்த முகத்தைப் பிடித்தது. கண்ணாடி அறையில் ரிமோட் எழுந்து நின்றுவிட்டார்.

"மனந்திரும்புதல்னா இதான்யா," என்றாராம்.

அன்றிலிருந்து அந்தக் கண்ணீர் சபையின் சொத்து. எந்தப் பிரசங்கமானாலும், அது உச்சத்துக்கு வரும்போது நடுத்திரையில் அவள் முகம் வரும். வெள்ளத்துக்கும் அழுதாள், வெட்டுக்கிளிக்கும் அழுதாள், புதுக் கழிப்பறை திறப்புக்கும் அழுதாள். "அந்தம்மா அழ ஆரம்பிச்சாச்சு, பையை எடுங்க," என்று பின்வரிசைக்காரர்கள் கிளம்பத் தயாராவார்கள். "அது புகைங்க," என்று அவளும் ஆரம்பத்தில் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தாள். "எவ்வளவு தாழ்மை பாருங்க," என்றார்கள். விட்டுவிட்டாள்.

பிறகு அவளுக்கு இதயம் பலவீனமாகி, நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது. டாக்டர் எடுக்கிறவரை எடுத்தார். கடைசியில் பூட்டுக்காரரைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய், "வீட்டுல வெச்சுப் பாத்துக்கங்க, கேட்டதைக் குடுங்க," என்றார்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"பாஸ்டரய்யா ஒரு தரம் வந்துட்டுப் போகட்டுங்க."

"திரையில டெய்லி காலையில வர்றாரே. போனைத் தூக்கிப் பிடிக்கட்டுமா?"

"அந்த ஆளு வேணாம். நம்ம வீட்டுக்கு வந்த ஆளு வரட்டும். எனக்கு விஷக்காய்ச்சல் வந்தப்ப வந்து தலையில கை வெச்சாரே. சுடச்சுட இருந்துச்சு அந்தக் கை. போனப்புறமும் கொஞ்ச நேரம் தலையிலயே இருந்த மாதிரி இருந்துச்சு. அது போதும் எனக்கு. அதோட போயிடுவேன்."

"போறதப்பத்திப் பேசாத."

"சரி, பேசல. நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க."

பூட்டுக்காரர் கடையை மச்சினியிடம், அதாவது மனைவியின் தங்கையிடம், பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சபை அலுவலகத்துக்குப் போனார். அங்கே போதகரைப் பார்க்க முடியாது. ரிமோட்டைத்தான் பார்க்க முடியும். ரிமோட்டையும் நேரே பார்க்க முடியாது. அவர் முன்னால் வரிசையாக நின்ற திரைகளுக்கு மேலே தெரிகிற நெற்றியைத்தான் பார்க்கலாம். பூட்டுக்காரர் நெற்றியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"யாருக்கு உடம்பு சரியில்ல? நம்ம அக்காவுக்கா?" என்றது நெற்றி. "போன வாரம்கூட வந்திருந்தாங்களேண்ணே."

"இல்ல தம்பி. அவ கட்டிலை விட்டு எறங்கி ரொம்ப நாளாச்சு."

"வந்திருந்தாங்கண்ணே. வருகைக் கேமரா சொல்லுது."

வருகைக் கேமரா என்பது சபையின் புது வரவு. அது மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வந்திருக்கிற முகங்களை அடையாளம் கண்டு, தானே கணக்கெடுத்துக்கொள்ளும். சேர்ந்தாற்போல் சில வாரம் முகம் காட்டாதவர்களை மட்டும் போதகர் வீடு தேடிப்போய்ப் பார்ப்பார் என்பது ஏற்பாடு. கேமரா மண்டபத்தைப் பார்த்தது. மண்டபத்தில் நடுத்திரையும் இருந்தது. நடுத்திரையில் அவள் இருந்தாள். மற்றவர்கள் முகமெல்லாம் கேமராவுக்குப் புளியங்கொட்டை அளவு தெரிந்தபோது, அவள் முகம் மட்டும் வண்டிச்சக்கரம் அளவு தெரிந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை.

"அது படம் தம்பி. நீங்க போடுற படம்."

"படம் யாரோடது?"

"அவளோடதுதான்."

"அப்புறம் என்னண்ணே?" என்று ரிமோட் கனிவாகக் கேட்டார். "அக்கா ஒரு வாரம்கூடத் தவறினதில்ல. அவங்க வீட்டுக்கு ஐயாவை அனுப்பினா, நிஜமாவே வராம இருக்குறவங்க என்ன நினைப்பாங்க? சொல்லப்போனா வராதது நீங்கதான்."

பூட்டுக்காரர் திடுக்கிட்டார். அவர் எல்லா வாரமும் வருபவர். தூணுக்குப் பின்னால் உட்காருவார், கண்ணயர அதுதான் தோதான இடம். கேமராவுக்குத் தூண்தான் தெரிந்தது. அதன் கணக்குப்படி பூட்டுக்காரர் சபைப்பக்கமே தலைகாட்டாத ஆசாமி.

அடுத்த ஞாயிறு அவர் தூணைவிட்டு வெளியே வந்து உட்காரவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை. வருகைக் கேமரா சுற்றி முடித்திருந்தது, அதற்குள் அவரை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆண்டு முழுவதும் தவறாமல் ஆராதனைக்கு வந்தவருக்கான கேடயம், மூன்றாம் வரிசைச் சகோதரிக்கு. அவர் சார்பில் கணவர் வந்து பெற்றுக்கொள்வார். ஏன் அந்தச் சகோதரியே வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்தான் திரையில் அழுதுகொண்டிருந்தாரே, ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள். பூட்டுக்காரர் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைக்கில் சொன்னார்: "அவ வீட்டுல சாகக் கெடக்கிறா. ஐயா ஒரு தரம் வரணும்." மைக்கை ரிமோட் இன்னும் திறந்திருக்கவில்லை. பூட்டுக்காரரின் உதடு அசைந்ததைப் பார்த்துச் சபை கைதட்டியது.

கேடயத்தை மனைவி மடியில் வைத்தார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பரவால்லையே. எந்திரிச்சு நடந்த காலத்துல ஒரு சோப்பு டப்பாகூடக் குடுத்ததில்ல. படுத்ததும் குடுத்துட்டாங்க."

"தூக்கிப் போடு அக்கா அதை," என்றாள் மச்சினி. "அத்தான், நீங்க அங்க போய் மேசையில குத்திக் கேக்க வேண்டாமா? பூனை மாதிரி போய்ட்டுப் பூனை மாதிரியே வர்றீங்க."

"கேட்டேன்மா. வராதவங்க வீட்டுக்குத்தான் வருவாராம். கேமரா கணக்குல நான்தான் வராதவன்."

மனைவி கண்ணை மூடிக் கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டாள். பிறகு அவள் முகத்தில் ஒரு குறும்பு வந்தது.

"அப்ப நீங்க கெட்டுப்போன ஆளுன்னு ஒத்துக்கங்க."

"என்ன?"

"சபையை விட்டு ஓடிட்டேன், பாவி ஆயிட்டேன், என்னைத் தேடி வாங்கன்னு சொல்லுங்க. உங்களைத் தேடி வந்தா இந்த வீட்டுக்குத்தானே வரணும். உள்ள நான் இருக்கேன்."

"அத்தானுக்குக் கெட்டுப்போகவும் தெரியாதேக்கா," என்றாள் மச்சினி. "போற வழியில யாருக்காச்சும் பூட்டு தொறந்து குடுத்துட்டு வருவாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மனைவிக்குச் சிரிப்பு இருமலாகி, அது அடங்க வெகுநேரமானது. இருமல் அடங்கியபோது பூட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

இந்தமுறை ரிமோட் எழுந்தே வந்துவிட்டார். முழுமுகமும் தெரிந்தது. காணாமற்போன ஆட்டைப்பற்றி ஒரு பிரசங்கம் வரப்போகிறது. ஆடு கிடைக்காமல் அவர் பல வாரமாகத் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆடு தானாக அலுவலகத்துக்கு நடந்து வந்து, நான்தான் அது என்று சொன்னால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது.

"உக்காருங்கண்ணே. தண்ணி குடிங்க. என்ன பாவம் பண்ணீங்க?"

பூட்டுக்காரர் யோசித்தார். "அப்பப்ப கோபம் வரும்."

"கோபம் படத்துல எடுபடாதுண்ணே. வேற?"

"ஆராதனையில தூங்குவேன்."

"அதைக் காட்டினா பாதிப் பேருக்குச் சுருக்குன்னு இருக்கும். வேற. உங்க தொழில்ல ஏதாச்சும்? திருட்டுச் சாவி போட்டுக் குடுத்தது, அந்த மாதிரி?"

பூட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. ஊரே வீட்டுச் சாவியை நம்பி அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியூர் போகிற ஊர் அது. சாவி கேட்டு வருகிறவன் வீட்டுக்காரன்தானா என்று தெரியாமல் ஒரு சாவியைக்கூட அவர் அரத்தால் ராவினதில்லை.

"அது மட்டும் இல்ல தம்பி."

"இல்லன்னா விடுங்கண்ணே. ஐயாவும் வேற ஆடு பாத்துக்குவாரு."

ஜன்னலோரக் கட்டில் பூட்டுக்காரர் கண்முன் வந்தது.

"சரி," என்றார். "போட்டதா வெச்சுக்கங்க. ஆனா படம் புடிச்சதும் ஐயா எங்க வீட்டுக்கு வரணும். அவ தலையில கை வெச்சு ஜெபிக்கணும்."

"அதுக்குக்கூடவா வரமாட்டாரு? நான் பொறுப்பு."

அன்றுதான் போதகரையும் பார்க்க முடிந்தது. பாவி என்றதும் கதவு திறந்தது. அவருக்கு முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் தெரிந்த பூட்டுக்காரரைப் பார்த்து அவர் அன்பாகப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை அவர், அதையும் சொல்ல வேண்டும்.

"முன்னெல்லாம் நான் சைக்கிள்ல வீடு வீடாப் போவேன், ஞாபகம் இருக்கா? ஒரு நாள் பூரா அலைஞ்சா ஏழெட்டு வீடு. ஏழெட்டுத் தலை. எவ்வளவு அறியாமையில இருந்திருக்கேன் பாருங்க. ஒரு தலையில கை வெச்சா அந்த ஒருத்தருக்குத்தான் சேரும். யார் தலையிலயும் வைக்காம, கையை இப்படி ஒரு சாண் மேல நிறுத்தினா, பாக்குற அத்தனை பேருக்கும் சேரும். தொட்டுட்டா முகத்தை மறைச்சிடும், நிழல் விழும், முடி கலைஞ்சுபோகும். இதையெல்லாம் நமக்குச் சொல்லிக்குடுக்க ஆள் இல்லாமப் போச்சே."

"ஆமாங்கய்யா," என்றார் பூட்டுக்காரர். வீட்டுக்கு அனுப்ப ரிமோட் பொறுப்பேற்றுவிட்டாரே, அவருக்கு அது போதும்.

படப்பிடிப்பு கடையில் நடந்தது. நல்ல சாவிகளையெல்லாம் கழற்றிவிட்டு, பார்த்தாலே திருட்டுச் சாவி என்று தெரிகிற மாதிரி கறுப்புப் பூசிய சாவிகளை மாட்டினார்கள். பூட்டுக்காரருக்கு, வருகைக் கேமராவுக்கே அடையாளம் தெரியாதபடி, தாடி ஒட்டினார்கள். நிஜமாகவே ஒரு ஆடும் வந்தது. பூட்டுக்காரர் தன் பாவத்தைச் சொல்லத் திக்கித் திணறி, மறுபடி மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. ஆடு மட்டும் எந்தப் பயிற்சியும் இல்லாமல் முதல் தடவையிலேயே சரியாகச் செய்துவிட்டுப் போய் நிழலில் படுத்துக்கொண்டது. "திருடர்களுக்குச் சாவி செய்து கொடுத்தேன்," என்று அவர் கடைசியாகத் தெளிவாகச் சொன்னபோது, பூட்டு வாங்க வந்த இரண்டு வாடிக்கையாளர்கள் தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் வீட்டுச் சாவியைச் சட்டைப்பைக்குமேல் அமுக்கிப் பிடித்துக்கொண்டதைப் பூட்டுக்காரர் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அதை நடுத்திரையில் காட்டினார்கள். முடிவில் வழக்கம்போல அவர் மனைவி அழுதாள். திருடனின் மனைவி அழுகிறாள் என்று சபையும் சேர்ந்து அழுதது. திங்கட்கிழமையிலிருந்து கடைக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. போலீஸ்காரர் ஒருவர் மட்டும் வந்து, பழைய திருட்டுகள் சிலவற்றைப்பற்றி நட்பாக விசாரித்துவிட்டுப் போனார்.

சொன்னபடி போதகர் வந்தார்.

காரில் வந்தார். ரிமோட்டும் கூட வந்தார், கேமராவும் விளக்கும் வண்டியிலேயே வந்தன. மச்சினி காலையிலேயே தரையைத் துடைத்து, அக்காவுக்குத் தலை வாரி, வகிடு எடுத்துவிட்டிருந்தாள். வகிட்டில்தானே கை வைப்பார். ரிமோட் முதலில் உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்ததும் வெளியே வந்துவிட்டார்.

"அண்ணே, அக்கா ரொம்ப மெலிஞ்சுட்டாங்களே."

"உடம்பு சரியில்லன்னு சொன்னேனே தம்பி."

"இப்படின்னு சொல்லலையே. திரையில கன்னம் எப்படி இருக்கும். இதை எடுத்துக் காட்டினா, அந்த அழுகையை யாரு நம்புவா?" அவர் சற்று யோசித்தார். "கேமரா வேணாம். விளக்கும் வேணாம். ஐயா மட்டும் உள்ள போகட்டும். சும்மா போயிட்டு வரட்டும்."

அதைத்தான் பூட்டுக்காரர் ஆரம்பத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ரிமோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி தம்பி," என்றார்.

போதகர் உள்ளே போனார். கட்டிலின் தலைமாட்டில் நின்றார். அவள் கண்ணை மூடி, முகத்தைச் சற்றே தூக்கிக் காட்டினாள்.

போதகர் வலது கையை நீட்டினார். கை அவள் வகிட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். அவர் தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்துக் காதைக் கூர்மையாக்கினார். காதில் கருவி இருந்தது. ஆனால் கண்ணாடி அறையில் ஆள் இல்லை. ஆள் வாசலில் நின்று மச்சினியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். போதகர் காத்திருந்தார். அவர் நெற்றியில் வேர்வை கோத்து, பவுடரில் ஒரு கோடு இறங்கியது.

"ஐயா," என்றார் பூட்டுக்காரர் மெதுவாக. "ஜெபம்."

"ஆமாம்," என்றார் போதகர். அவர் கண்ணில் உண்மையாகவே பயம் இருந்தது. எங்கெங்கோ தேடினார். ஒரு வாக்கியம்கூட அகப்படவில்லை. கடைசியில், யாரும் காதில் சொல்லாமலே அவருக்கு மனப்பாடமாக இருந்த ஒன்று வாய்க்கு வந்தது. முகம் தெளிந்துவிட்டது.

"இதுவரை எங்களோடு இணைந்திருந்ததற்கு நன்றி. மீண்டும் அடுத்த வாரம் இதே நேரத்தில் சந்திப்போம்."

"பாக்கலாங்கய்யா," என்றாள் அவள், மரியாதையாக.

கார் போகும்வரை பூட்டுக்காரர் வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தார். அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை, முகத்தையும் இறக்கவில்லை.

"எப்ப வைப்பாரு?"

"வெச்சுட்டாரும்மா. போயிட்டாரு."

"இல்லங்க. நிழல் விழுந்துச்சு. கை விழலை."

பூட்டுக்காரர் கொல்லைப்பக்கம் போய்ச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினார். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போய், போதகர் நடக்கிற மாதிரி அழுத்தி நடந்து உள்ளே வந்து, ஒன்றும் பேசாமல் அவள் வகிட்டில் கையை வைத்தார்.

அவள் மூக்கை லேசாகச் சுருக்கினாள்.

"இரும்பு வாசம் போகலைங்க," என்றாள்.

"எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும். சூடாத்தான் இருக்கு." பிறகு, "ஏதாவது சொல்லுங்க. ஜெபம் ஒண்ணு சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். இத்தனை வருஷம் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, "சரி, விடுங்க," என்றாள். அந்த வாரத்துக்குள் அவள் போய்ச்சேர்ந்தாள்.

அடக்க ஆராதனை சபையில் நடந்தது. பெட்டியை மேடைக்குக் கீழே வைத்தார்கள். போதகர் நன்றாகவே பேசினார். காதில் கருவி வேலை செய்தது. பேச்சு உச்சத்துக்கு வந்தபோது, அது எந்த ஆராதனை என்று இயந்திரத்துக்குத் தெரியாதே, நடுத்திரையில் அவள் வந்து அழுதாள். தன் பெட்டியைப் பார்த்துத் தானே அழுதாள். சிலர் வழக்கப்படி பையை எடுத்துக்கொண்டார்கள். வருகைக் கேமரா ஒரு சுற்றுச் சுற்றி, அவள் வந்திருப்பதாகப் பதிந்துகொண்டது. தூணைவிட்டு வெளியே வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பூட்டுக்காரரையும் முதன்முதலாகப் பதிந்துகொண்டது.

அதற்கடுத்த ஞாயிறும் அவள் அழுதாள். அதற்கடுத்ததும். மச்சினி, "நான் இனி அந்தப் பக்கம் வரமாட்டேன் அத்தான்," என்று சொல்லிவிட்டுத் தன் ஊருக்குப் போனாள். பூட்டுக்காரர் ரிமோட்டிடம் போனார்.

"அந்தப் படத்தை எடுத்துடுங்க தம்பி. அவ அழுதது போதும்."

ரிமோட் கையிலிருந்ததை மேசைமேல் வைத்தார். அவர் அதைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை.

"அண்ணே, உங்க துக்கம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா ஒண்ணு யோசிங்க. அக்கா உயிரோட இருந்த இத்தனை வருஷத்துல எத்தனை தரம் அழுதாங்க? ஒரு தரம். நாங்க எத்தனை தரம் அழ வெச்சிருக்கோம். அவங்க அழுறதைப் பாத்துட்டுத்தான் நம்ம சபையே அழுது. அதை எடுத்துட்டா, எப்ப அழணும்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? ஐயா முடிச்சிட்டாருன்னே தெரியாது. அவர் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருப்பாரு."

"அது அழுகை இல்ல தம்பி. புகை."

"இருக்கட்டுமே. யாருக்குத் தெரியும்?" ரிமோட் அவர் முகத்தைத் தள்ளி நின்று ஒரு பார்வை பார்த்தார், பிறகு பக்கவாட்டில் வந்து பார்த்தார். "ஒண்ணு செய்யலாம். படம் பழசாயிடுச்சு, புள்ளி புள்ளியாத் தெரியுது. உங்க முகம் இப்ப நல்லா வந்திருக்கு. நீங்க ஒரு தரம் அழுது குடுங்க. அக்காவை எடுத்துட்டு உங்களைப் போட்டுடுறோம்."

"நான் அழுதா அவளை விட்டுடுவீங்களா?"

"அன்னிக்கே விட்டுடுவோம்."

பூட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். அவருக்கு அதில் என்ன கஷ்டம். பெண்டாட்டி போய்விட்டாள், கடை போய்விட்டது, பெயரும் போய்விட்டது. அழுவதற்குச் சரக்குக்கா பஞ்சம்.

சனிக்கிழமை மத்தியானம், ஆள் இல்லாத மண்டபத்தில், அவரை மூன்றாம் வரிசையில் உட்காரவைத்தார்கள். நாலு பக்கமும் விளக்கு. கண் கூசியது. "ஆரம்பிக்கலாம்ணே," என்றது இருட்டிலிருந்து ரிமோட்டின் குரல். பூட்டுக்காரர் மனைவியை நினைத்தார். வந்தது அவள் முகம்தான். ஆனால் வண்டிச்சக்கரம் அளவில், நடுத்திரையில் வருகிற முகம். அதைத் தள்ளிவிட்டு, கட்டிலில் கிடந்த முகத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. மறுபடி திரைமுகமே வந்து நின்றது.

"அண்ணே, நேரமாகுது."

"வரல தம்பி."

"அக்கா கடைசியா என்ன சொன்னாங்கன்னு நினைச்சுப் பாருங்க."

நினைத்தார். கண் காய்ந்தே கிடந்தது. கேமராக்காரர் சலித்துக்கொண்டார். சோகமான பாட்டு ஒன்று போட்டார்கள். வெங்காயம் கொண்டுவரலாமா, கண்ணில் கிளிசரின் விடலாமா என்று கேமராக்காரர் கேட்டார். ரிமோட்டுக்கு முகம் மாறிவிட்டது.

"என்ன பேசுறீங்க? இது தேவனுடைய வீடு. பொய்க் கண்ணீர் நாம எடுக்கறதில்ல."

கடைசியில் அவர் வந்து பூட்டுக்காரரின் தோளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையை நிறுத்தி, "வருத்தப்படாதீங்கண்ணே. எல்லாருக்கும் அது வராது. அக்காவே இருக்கட்டும்," என்றார்.

விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். வயர்களைச் சுருட்டினார்கள். கேமராவைப் பெட்டிக்குள் வைத்துத் தாழ் போட்டார்கள். மண்டபம் இருட்டானதும், ஜன்னல் வழியாக வந்த கொஞ்சம் வெளிச்சத்தில், நடுத்திரை வெறும் வெள்ளைத்துணியாகத் தெரிந்தது. அதில் யாரும் இல்லை. பூட்டுக்காரர் இன்னும் மூன்றாம் வரிசையை விட்டு எழுந்திருக்கவில்லை. இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி," என்றார். "இப்ப வருது."

வாசலில் நின்ற ரிமோட் திரும்பிப் பார்த்தார். பூட்டுக்காரரின் முகத்தில் கண்ணீர் தாரையாக இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டில் அது சரியாகத் தெரியவில்லை.

"எல்லாம் கட்டியாச்சேண்ணே," என்றார். "கதவைப் பூட்டணும். கொஞ்சம் வெளிய வந்து அழுறீங்களா?"